பிரெஸ்லாவும் வ்ரொட்ஸ்வாஃபும் ஒரே ஊர்

பிள்ளைகளே, போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் இருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அப்பா, அந்தப் போலந்து மாமாவின்ரை அம்மாவை நீங்கள் ஏன் அழப்பண்ணினீங்கள்?" நான் சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். வாயால் சொன்னால் நடுவில் நிற்பாட்டிவிடுவேன் என்ற பயம்தான் காரணம். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் உங்கள் தமிழ்ப் பள்ளி ரீச்சரிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஜேர்மனி. நான் பத்தொன்பது வயதில் அங்கே போய்ச் சேர்ந்தேன். நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஊர். ஒரு தச்சுப் பட்டறையில் வேலை கிடைத்தது. முதலாளிக்கு அறுபது வயது நெருங்கியிருந்தது. நல்ல மனிதர். அலுமாரிக் கதவை எப்படிப் பிணைச்சல் போட்டுப் பூட்டுவது என்று என் கையைப் பிடித்துக் காட்டியவர். அவருடைய குடும்பப் பெயர் 'ஸ்கி' என்று முடியும். அந்த ஊரில் தபால் பெட்டிகளைப் பார்த்தால் பாதிப் பெயர்கள் அப்படித்தான் முடியும். சுரங்க வேலைக்கு எப்போதோ வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே நான் கேட்டுவிட்டேன். "ஐயா, நீங்கள் போலந்தா?"

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "நான் ஜேர்மன்காரன். எனக்குப் போலந்துப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது."

"பிறந்த ஊர்?"

"பிரெஸ்லாவ்."

"அது எங்கே இருக்கு?"

"இப்போது இல்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி இழைக்கத் தொடங்கினார்.

இல்லை என்றால் இல்லைதானே? குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அங்கே இருந்த பன்னிரண்டு வருடமும் அப்படியே நினைத்திருந்தேன். பாவம் மனிதர், ஊரே இல்லாமல் போனவர்.

பிறகு லண்டன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பார்க்கிங் என்ற பகுதியில் வீடு, வெள்ளை வான், சமையலறைகளுக்கு அலுமாரி பொருத்தும் குசினி வேலை. போலந்து மாமா தண்ணீர்க் குழாயும் தரை ஓடும் பார்ப்பார், நான் அலுமாரி பார்ப்பேன். அவரில்லாமல் என்னால் ஒரு குசினியையும் முடிக்க ஏலாது. நானில்லாவிட்டால் தமிழ் வீடுகள் அவருக்குக் கதவு திறக்காது. அதனால் எட்டு வருடமாக ஒரே வானில் போய்க்கொண்டிருந்தோம். அவருடைய குடும்பப் பெயரைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சுத்தமான ஜேர்மன் பெயர், மா அரைக்கிறவன் என்று பொருள். ஆளோ சுத்தப் போலந்துக்காரர், ஜேர்மன் தெரியாது. அவருடைய அப்பாவின் அப்பா ஜேர்மன்காரரோடு சண்டை பிடித்துச் செத்தவராம்.

எங்கள் ஆட்களின் வீட்டுக்குள் போனால் நான் முதலில் எடுப்பது அளவு நாடா அல்ல. "ஊரிலை எவ்விடம்?" என்ற கேள்விதான். ஊர், பிறகு எந்தக் குறிச்சி, பிறகு எந்த ஒழுங்கை. மூன்றாவது கேள்விக்குள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு ஆள் வந்துவிடுவார். ஐந்தாவது கேள்விக்குள் தேத்தண்ணியும் பற்றிஸும் வந்துவிடும்.

போலந்து மாமா இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார். "அண்ணை, குசினியை அளக்க முதல் ஆளை அளந்து முடிச்சிட்டீங்கள்" என்று ஆங்கிலத்தில் நக்கலடிப்பார். 'அண்ணை' மட்டும் தமிழில். ஒரே ஊர்க்காரர் இருவர் அந்நிய நாட்டில் இருப்பது தெரிந்தால், அவர்களை ஒரு வீட்டில் சேர்த்துவைப்பது என் கடமை என்று நினைத்திருந்தேன். உலகம் முழுக்க மனிதர்கள் அப்படித்தான் என்றும் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், பிளேஸ்டோவில் ஒரு வீட்டு வாசலில், வானுக்குள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கைத்தொலைபேசியை நீட்டினார். "என்ரை அம்மாவின்ரை வீடு. வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்கினம்."

நாலு மாடிக் கட்டடம். சாரம் கட்டியிருந்தது. பழைய பெயின்றைச் சுரண்டிய இடத்தில், கீழ்த்தளத்துக்கு மேலே, கறுப்பு எழுத்துகள் தெரிந்தன. நான் வாசித்தேன். பேக்கரி என்று ஜேர்மனில் எழுதியிருந்தது.

"இதென்ன, உங்கடை ஊரிலை ஜேர்மன் எழுத்து?"

"முந்தி அது ஜேர்மன்காரரின்ரை ஊர்தானே, அண்ணை. நாங்கள் வ்ரொட்ஸ்வாஃப் எண்டுறம். அவங்கள் பிரெஸ்லாவ் எண்டு சொல்லுவாங்கள்."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன். வ்ரொட்ஸ்வாஃப், வ்ரொட்ஸ்வாஃப் என்று எட்டு வருடமாக இந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் போய் எங்களுக்கு அங்கிருந்து தேன் ரொட்டி கொண்டுவந்து தந்தார். நீங்களும் சாப்பிட்டீர்கள். அந்த ஊர் இல்லாமல் போகவே இல்லை! பஸ் ஓடுகிறது, சனம் சந்தைக்குப் போகிறது, சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். போனது ஊர் அல்ல, சனம்தான். பெயரையும் கழற்றி வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் ஒரு நாள் ஒரு வரைபடத்தை விரித்துப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே ஜேர்மனிக்குப் போன் எடுத்தேன். முதலாளிக்கு எண்பது கடந்துவிட்டது, காது கொஞ்சம் மந்தம். கத்திச் சொன்னேன். உங்கள் ஊர் ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டேன், என் கூட்டாளியின் அம்மா அங்கேதான் இருக்கிறா, கட்டடத்தின் கீழே பேக்கரி இருந்திருக்கிறது.

பேக்கரியா என்று அவர் மறுபடி கேட்டார். பிறகு சொன்னார்: "நாங்களும் ஒரு பேக்கரிக்கு மேலேதான் இருந்தோம்."

அவ்வளவுதான். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. அவர் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும், மகள் கூட்டிப் போவாள், அவர்களிடம் கேட்டுச் சொல் என்றார். உங்கள் அம்மா குசினிக்குள் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தா.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? அந்த மனிசி என்ன நினைக்குமோ தெரியாது."

"ஒரே வீட்டிலை இருந்த ஆக்களப்பா. சந்தோசப்படுவினம்."

"ஓம் ஓம், படுவினம்" என்றா அம்மா. சட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தா.

அடுத்த மாதம் அந்தத் தாய் மகனைப் பார்க்க லண்டன் வந்தா. எட்மண்டனில் அவர்களுடைய வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடலை வடையோடு போனேன். சின்ன உருவம், எண்பது வயது, கண் மட்டும் கூர்மை. வடையை மணந்து பார்த்து, கடித்து, தலையாட்டினா. நான் பேசுவதை மகன் போலந்துப் பாஷையில் சொன்னார்.

நான் கதையைப் பரிசுப் பொட்டலம் பிரிப்பது போல மெதுவாகப் பிரித்தேன். என் பழைய முதலாளி உங்கள் ஊர். உங்கள் கட்டடமாகவே இருக்கலாம். உயிரோடு இருக்கிறார். வந்து பார்க்க ஆசைப்படுகிறார்.

மகன் பாதி சொல்லிவிட்டு நிறுத்தினார். தாய் அவருடைய கையைத் தட்டி, மிச்சத்தையும் சொல் என்பது போல ஏதோ சொன்னா. சொன்னார். அந்த மனிசி வடையைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தா.

"அவனுக்கு என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம், சும்மா பார்க்க."

"எல்லாரும் முதல்லை சும்மா பார்க்கத்தான் வருவினம்."

சொல்லிக்கொண்டு அழத் தொடங்கினா. சத்தமில்லாத அழுகை. மகன் இப்போது என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார். போர் முடிந்து நாட்டு எல்லைகளை மாற்றியபோது தாய்க்கு ஐந்து வயதாம். அவர்களுடைய ஊர் ல்வூஃப். அதை இன்று உக்ரைன்காரர் ல்விவ் என்று சொல்கிறார்கள். அங்கிருந்து இவர்களைத் துரத்தி, மாடு ஏற்றும் ரயிலில் கொண்டுவந்து, பிரெஸ்லாவில் இறக்கி, இந்தா இது உங்கள் வீடு என்றார்களாம். நிலவறையில் போத்தல் போத்தலாகப் பழம் அவித்து அடைத்து வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஜேர்மன் கையெழுத்தில் ஒட்டுத்தாள். நஞ்சு வைத்திருப்பார்கள் என்று தன் தாய் ஒரு குளிர்காலம் முழுக்கத் தொடவிடவில்லை. பிறகு பசியில் திறந்தார்கள். பிளம்ஸ் பழம். நல்ல ருசி. இருபது வருடமாகத் தன் தாய் பெட்டியை முழுதாக அவிழ்க்கவில்லையாம், அந்த ஜேர்மன்காரர் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற பயத்தில்.

"நான் செத்தால் என்ரை வீட்டிலைதான் சாகவேணும்" என்றா. "அது என்ரை வீடு. எனக்கு வேறை வீடு இல்லை."

ஏதாவது சொல்லி ஆறுதல்படுத்த நினைத்து, எல்லா இடத்திலும் சொல்லிப் பழகிய வசனத்தைச் சொன்னேன். "எனக்கு விளங்குது அம்மா. நாங்களும் வீட்டை விட்டு ஓடின ஆக்கள்தான். எங்கடை வீட்டிலை ஆமி இருந்தது."

அவ கண்ணைத் துடைத்தா. "ஓடி வந்து எங்கை இருந்தனீங்கள்?"

"யாழ்ப்பாண ரவுணிலை. ஒரு வீட்டிலை."

"ஆரின்ரை வீடு?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வியை என்னிடம் முப்பது வருடமாக யாரும் கேட்கவில்லை. அகதி விண்ணப்ப நேர்காணலில்கூடக் கேட்கவில்லை. உங்கள் அம்மாவும் கேட்டதில்லை.

அது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. யாழ்ப்பாணத்தில் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். சில மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். சொன்னவர்கள் தமிழரான எங்கள் பெயரால் துவக்கு வைத்திருந்தவர்கள். அந்தச் சனம் போன பிறகு காலியாகக் கிடந்த வீடுகளில் ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பதினைந்து வயது. தையல் மெசின் இருந்த இடத்தில் நிலத்தில் நாலு அடையாளம் மட்டும் இருந்தது. அறைக்குள் பள்ளிக்கூடக் கொப்பிகள் கிடந்தன. பாதி எழுதியவை, என் வயதுப் பெடியனின் கையெழுத்து. அந்த நேரம் கொப்பி கிடைப்பது பெரிய பாடு. நான் அவனுடைய பெயருக்கு மேலே கடதாசி ஒட்டி என் பெயரை எழுதினேன். மிச்சப் பக்கங்களில் கணக்குச் செய்தேன். ஒரு நாளும் குற்றமாகத் தெரியவில்லை. நான்தானே வீடு இழந்தவன்?

அந்த மேசையில் இருந்துதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு காலமும் என்னை முதலாளியின் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். ஊர் இல்லாமல் போனவர்கள் நாங்கள் இரண்டு பேரும் என்று. நான் இந்த மனிசியின் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். இவ பயந்தாவது இருந்திருக்கிறா. நான் பயப்படக்கூட இல்லை.

நான் உண்மையைச் சொன்னேன். ஆங்கிலத்தில் தடக்கித் தடக்கித்தான் வந்தது. மகன் அதை மொழிபெயர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. "அண்ணை, இப்ப போங்கோ" என்று மட்டும் சொன்னார். கதவு வரை வரவில்லை.

திங்கட்கிழமை வான் வரவில்லை. செவ்வாயும் இல்லை. நான் அடித்த போனுக்கும் பதில் இல்லை. புதன்கிழமை இரவல் வானில் தனியாகப் போய், வேலை வீட்டுக்காரரிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன். எட்டு வருடத்தை ஒரு வாயால் கெடுத்தேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவ எனக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தா. அதுதான் கூடச் சுட்டது.

வியாழன் காலை எங்கள் வாசலில் வான் நின்றது. ஏறினேன். அவர் ஸ்ரார்ட் பண்ணவில்லை.

"அம்மா மூண்டு நாளாய் ஊருக்குப் போன் எடுத்து, பூட்டு மாத்தச் சொல்லிக் கேக்கிறா. அவருக்கு இப்ப எடுங்கோ. எனக்கு முன்னாலை."

முதலாளிக்கு எடுத்தேன். அவ உங்களுக்குப் பயப்படுகிறா என்று சொன்னேன்.

"எனக்கா?" என்றார். மறுபடி, "எனக்கா?" பிறகு சொன்னார்: "எனக்கு அப்போது ஏழு வயது. அந்த ஊரில் மூலைக்கு ஒரு பேக்கரி. அது எங்கள் வீடா என்றே எனக்குத் தெரியாது. நான் வரமாட்டேன் என்று சொல். எழுதித் தர வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன்."

நான் கூட்டாளிக்குச் சொன்னேன். அவர் தாய்க்குப் போன் போட்டுச் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் குப்பை லொறி வந்து, பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. அவர் அசையவில்லை. மறுமுனையில் அந்த மனிசி ஏதோ கேட்டா, இவர் பதில் சொன்னார். பிறகு ஒரே ஒரு வசனம்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"தெருவரைக்கும் வரட்டுமாம். படி ஏற வேண்டாமாம்."

வானை எடுத்தார். அன்று முழுவதும் வேலைப் பேச்சைத் தவிர ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த நாளும் வந்தார். இன்று வரை வருகிறார். முன்பு போல நக்கலடிப்பது கொஞ்சம் குறைவு.

முதலாளி போகவில்லை. தெருவரைக்கும் போய் நிற்க அவருக்குக் கால் வலு இல்லை என்று மகள் சொன்னாள். ஆனால் அனுமதி கிடைத்ததைக் கேட்டு அழுதாராம்.

நான் அழப்பண்ணியது ஒரு ஆளை அல்ல, இரண்டு பேரை. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். அந்தக் கொப்பிக்காரப் பெடியன் இருந்தால் இப்போது என் வயதுதான். துரத்தப்பட்ட சனம் போய்ச் சேர்ந்த புத்தளம் பக்கம் எங்கோ இருக்கலாம், எங்கும் இல்லாமலும் இருக்கலாம். கடதாசி ஒட்ட முதல் அவனுடைய பெயரை நான் வாசித்திருப்பேன்தானே? எவ்வளவு யோசித்தும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.