சத்தியநாராயணன் எழுந்து நிற்கவில்லை

என் அக்காவின் கணவர் சத்தியநாராயணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் மூன்றோடு நின்றுவிடுவேன். சுத்தமாக உடுத்துவார். கடையை நேரத்துக்குத் திறப்பார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வீம்பு.

கொழும்பில், புறக்கோட்டையில் வேட்டி, சாரம் மொத்த வியாபாரம். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த நாலாம் மாடி வீடு. அவருடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்தவர். அதைச் சொல்லும்போது அந்தக் கப்பலையே இவர்தான் ஓட்டி வந்தவர் மாதிரி இருக்கும். நான் அசோக்குமார். புதுக்கடை கோர்ட்டுப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் முப்பது வருடமாகக் கிளார்க், கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு. கல்யாண வீடுகளில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த நேர்ந்தால், "கோமளத்தோட தம்பி, கோர்ட்டுல பைல் தூக்குறான்" என்று சொல்லிவிட்டு அத்தான் வேறு பக்கம் திரும்பிவிடுவார். எனக்கு வயது ஐம்பத்தாறு.

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு அவருக்கு இடுப்பு வலி தொடங்கியது. பாமன்கடைப் பக்கம் யாரோ ஒரு எண்ணெய் வைத்தியரிடம் இரண்டு மாதம் முதுகைக் கொடுத்தார். பின்னேரமானால் காய்ச்சல் வந்தது. கடையில் ஏசிக் குளிர் அதிகம் என்றார். உடம்பு பத்துக் கிலோ இறங்கியது. டயட் என்றார். டிஸ்க் விலகியிருக்கிறது என்று தாமே தீர்ப்பு எழுதி, ஒரு பெல்ட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு நாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் போன பிறகுதான் எனக்கு போன் வந்தது. பாசத்தினால் இல்லை. புறக்கோட்டையில் யாருக்கும் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்தால் பரவாயில்லை, அவர் கணக்கில் நான் ஒரு ஆளே இல்லை.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். முதுகெலும்பில் காசநோய், இரண்டு எலும்பு அரித்துவிட்டது, அங்கிருந்து சீழ் இறங்கி இரண்டு பக்கத்துத் தசைக்குள்ளும் கட்டியிருக்கிறது என்றார்.

"டாக்டர், டீபின்னு எதுலயும் எழுதாதீங்க" என்றார் அத்தான். "வீட்ல பொண்ணு இருக்கு."

"எழுதாமல் மருந்து தர ஏலாது ஐயா. இது எலும்பில மட்டும்தான், நெஞ்சில இல்லை. ஆக்களுக்குத் தொத்தாது. வீட்டில சொல்லுங்கோ, ஒளிக்க ஒண்டுமில்லை."

"முதுக வெட்டுவீங்களா?"

"இப்ப தேவையில்லை. ஸ்கேனில பாத்துக்கொண்டு சின்ன ஓட்டையால ஒரு மெல்லிய குழாய் வைப்பம். சீழ் தானா வடியும். ஆனா ஐயா, குழாய் சீழைத்தான் எடுக்கும். வருத்தத்தை மாத்திறது குளிசை. ஒரு வருசத்துக்கு ஒரு நாளும் விடாமல் போடவேணும்."

மரத்துப்போக ஊசி போட்டு, குப்புறப் படுக்கவைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு பக்கமும் குழாயை வைத்துவிட்டார்கள். முழு விழிப்போடு கிடந்த அத்தான், பக்கத்தில் தொங்கிய பையில் மஞ்சளாகச் சீழ் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் தானாக எழுந்து நடந்தார். இரண்டு கிழமையில் குழாய்களைக் கழற்றினார்கள். முதுகில் இருந்ததெல்லாம் கொசுக்கடி மாதிரி இரண்டு புள்ளி.

அந்த இரண்டு புள்ளிதான் அவரைக் கெடுத்தது. "பாத்தியா அசோக்கு, ஒரு தையல் கூட இல்ல" என்று என்னிடம் காட்டினார். சொந்தக்காரர்களிடம் டிஸ்க்கை ஊசியாலேயே சரிபண்ணிவிட்டார்கள் என்று அளந்தார். என் அக்கா கோமளவல்லியிடம் உள்ளே ஒரு கட்டி, எடுத்தாயிற்று என்று முடித்துவிட்டார். ஓட்டை சின்னது, ஆகவே வியாதியும் சின்னது. முப்பத்தைந்து வருடம் வியாபாரம் செய்த மூளை போட்ட கணக்கு இது.

குளிசையைத் தினமும் காசநோய் கிளினிக்கில் நர்ஸ் கண்முன்னால் விழுங்க வேண்டும். வெள்ளவத்தை ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நகரத்தின் அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கைப் பிடித்தார். கார்டில் என் கொட்டாஞ்சேனை விலாசம், என் போன் நம்பர். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் ஏறுவார். அவருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதாக அக்கா மாடி முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

துணைக்கு நானும் போவேன். அங்கே மெற்றில்டா என்று ஒரு நர்ஸ், யாருடைய வீம்புக்கும் மசியாத மனுஷி. "விழுங்குங்கோ. இப்ப வாயைத் திறவுங்கோ. நாக்கைத் தூக்குங்கோ" என்பாள். கடையில் பன்னிரண்டு பேரை விரட்டுகிற சத்தியநாராயணன் நாக்கைத் தூக்கிக் காட்டுவார். எதிரே போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சுகத்தை நான் மறைக்கப்போவதில்லை.

இதற்கிடையில் அவர் மகள் விசாலிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை திலக்ஷன், கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வேர் கடைக்காரரின் மகன், நல்ல பையன். இருவருக்கும் பிடித்துப்போய் மணிக்கணக்காகப் போனில் கதைத்தார்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று நாள் குறித்தார்கள்.

அந்தக் குளிசை வியர்வையைக்கூடச் செம்மஞ்சள் ஆக்கிவிடும். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடாத மனிதரின் கழுத்துப் பட்டையில் கறை பிடித்தது. அக்கா என்னவென்று கேட்டாள். சம்பந்தி வீட்டாரும் கேட்டால் என்ன செய்வது என்று அத்தானுக்கு நடுக்கம். நிச்சயதார்த்தத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது, இனி நான் துணைக்கு வரத் தேவையில்லை என்றார். அதற்கு மறுகிழமை மெற்றில்டா எனக்கு போன் எடுத்தாள், ஐயா வரவில்லையே என்று. நேரே கடைக்குப் போனேன்.

"குளிசைய நிப்பாட்டிட்டீங்களாம்."

"வலி எங்க இருக்கு? சீழ் முழுக்க வெளிய வந்தத நீயே பாத்த. நிச்சயம் முடியட்டும், திரும்பப் போடுறேன்."

"அக்காகிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. இந்தச் சம்பந்தம் போச்சுன்னா உன்னாலதான்னு ஊருக்கே சொல்லுவேன்."

நான் சொல்லவில்லை. மெற்றில்டா இன்னும் இரண்டு முறை போன் எடுத்தாள். கடைசி முறை, அத்தான் இந்தியா போயிருக்கிறார், அங்கே மருந்து எடுக்கிறார் என்று சொன்னேன். கோர்ட்டுக்காரனுக்குப் பொய் சொல்லச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிச்சயதார்த்தம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அத்தான் உள்ளே வந்தார். இடது பாதம் தரையில் இழுபட்டது. கால் மரத்திருக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றார். ஜமுக்காளத்தில், தூணோடு சாய்த்து உட்கார வைத்தேன். ஐயர் பத்திரிகையை வாசித்து முடித்து, "சம்பந்திகள் எழுந்து தட்டு மாத்திக்கலாம்" என்றார். மாப்பிள்ளையின் அப்பா தட்டோடு எழுந்து நின்றார். அத்தான் எழவில்லை.

"அசோக்கு, கால் வரல" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

"சொல்லிடுங்க அத்தான். இப்பவே சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நான் உக்காந்துதான் வாங்குவேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் கறுத்தது. "நின்னு குடுக்கிறவனுக்கு உக்காந்து வாங்குவீங்களோ? எழும்பினா மரியாதை குறைஞ்சிடுமா?"

"பொண்ணக் குடுக்கிறவன் நான். எதுக்கு எழும்பணும்?"

நூற்றைம்பது பேர் கேட்டார்கள். நொண்டி என்று தெரிவதைவிட திமிர் பிடித்தவன் என்று பேரெடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. தட்டு கீழே வைக்கப்பட்டது. சேலைகள் சரசரக்க அவர்கள் பக்கம் முழுக்க எழுந்து போனது. திலக்ஷன் வாசலில் நின்று விசாலியைத் திரும்பிப் பார்த்தான், பிறகு அவனும் போனான். மண்டபம் காலியான பிறகு நானும் சமையல்காரரும் அத்தானைத் தூக்கினோம். வேட்டி நனைந்திருந்தது. அவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

சீழ் மறுபடியும் கட்டி நரம்பை நெரித்திருந்தது. இந்த முறை சின்ன ஓட்டை போதாது, முதுகைத் திறக்கத்தான் வேண்டும் என்றார் அதே டாக்டர். திறந்தார்கள். காசநோய் என்று அக்காவுக்கும் விசாலிக்கும் அன்றுதான் தெரிந்தது. காலில் உயிர் திரும்புமா என்று கேட்டதற்கு, பாப்பம் என்றார்.

நாலாம் நாள், விஷயம் கேள்விப்பட்டு மாப்பிள்ளையின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் குனிஞ்சு குடுத்திருப்பேனே" என்றார். "இப்ப நான் சொன்னாலும் எங்க வீட்ல யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க சபையில வச்சு சொன்னத எப்படித் திரும்ப வாங்குறது?"

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா போன பிறகு விசாலி குளிசைகளை எடுத்து அப்பாவின் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"கிளினிக்ல இருந்து மெற்றில்டா மிஸ் இங்க வார்டுக்கு போன்ல பேசினாங்க. அப்பா இந்தியா போயிருக்கார்னு நீங்க சொன்னீங்களாமே மாமா?"

"ஆமா."

"அப்பாவுக்கு என் கல்யாணம் நின்னுடுமேன்னு பயம். உங்களுக்கு என்ன இருந்துச்சு?"

அவர் என்றைக்காவது நாலு பேர் முன்னால் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று முப்பது வருடமாக எனக்கு ஆசை இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"நாளைக்கு நீங்க வராதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.