பத்தில் நான்கு

சீசன் தொடங்கும் முன்பு எங்கள் கால்பந்து கிளப்பின் டாக்டர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரு பரீட்சை வைப்பார். பத்து வார்த்தைகளை நிதானமாகப் படிப்பார்; கேட்டு முடித்ததும் திருப்பிச் சொல்ல வேண்டும். சில எண்களைக் கடைசியிலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நன்றாக இருக்கும்போது நம் தலை எப்படி வேலை செய்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளத்தான் இது. பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைத்துப் பார்ப்பார். மார்க் குறைந்திருந்தால் ஆள் வெளியே.

நாங்கள் லேசுப்பட்டவர்களா? டிரெஸ்ஸிங் ரூமில் சீனியர்கள் ஜூனியர்களின் காதில் ஓதும் முதல் பாடமே இதுதான்: அந்தப் பரீட்சையை வேண்டுமென்றே சொதப்பு. முதல் மார்க் கேவலமாக இருந்தால், நாளைக்கு அடிபட்ட பிறகு எடுக்கும் மார்க்கும் அதற்குச் சமமாகத்தானே இருக்கும்! நானும் பத்தில் நான்கு வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, மோட்டுவளையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது தள்ளாடிக் காட்டினேன்.

டாக்டர் ஐம்பதை நெருங்கும் வங்காளப் பெண்மணி. உயரம் என் தோளுக்குக் கீழே. டாக்டர்-தி, அதாவது டாக்டரக்கா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்கள் மார்க்குகளை எல்லாம் பார்த்துவிட்டு, "இந்த மார்க்குப்படி பாத்தா உங்கள பாலிகஞ்ச்ல எறக்கி விட்டா பக்கத்துலயே இருக்கற ஜாதவ்பூருக்கு வழி தெரியாம நிப்பீங்க" என்றார். கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தினமும் பயிற்சி முடிந்ததும் தேநீரும் பொரியும் எடுத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் வந்து உட்கார ஆரம்பித்தார். யார் என்ன ஜோக் அடிக்கிறான், யார் எப்படிக் கோபப்படுகிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வேலையில்லாமல் வந்து உட்காருகிறார் என்று நான் நினைத்தேன்.

நான் கோல்கீப்பர். வங்காளத்தில், பாலிகஞ்ச் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா வங்கி அதிகாரியாக இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்டார். தமிழ் எனக்கு அம்மாவோடு பேசும் பாஷை, அவ்வளவுதான். மைதானத்தில் வங்காளம், திட்டுவதற்கு இந்தி. மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்த பிறகு, மூத்த கீப்பர் வேறு கிளப்புக்குப் போனதால் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் வாய்ப்பு வந்தது. அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. என் பின்னால் பெஞ்சில் ஒருவன் காத்திருந்தான். மூன்று வருடம் நான் எதற்காகக் காத்திருந்தேனோ அதற்காகத்தான் அவனும் காத்திருந்தான்.

அரையிறுதி ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு. வெயில் கண்ணைப் பறித்தது. தொப்பி போட்டுக்கொண்டு ஆடினேன். இரண்டாம் பாதியில், ஆளுக்கொரு கோல் என்றிருந்தபோது, ஒரு கார்னர். பந்தைக் குத்தித் தள்ள எகிறினேன். யாருடைய முழங்காலோ காதுக்கு மேலே மோதியது.

எழுந்து நின்றேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர்-தி ஓடிவந்தார். எந்தப் பாதி, கடைசியாக கோல் போட்டது யார் என்று கேட்டார். நான் டக்டக்கென்று பதில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து இரண்டு கிளவுஸையும் உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மாற்று ஆளைக் கூப்பிடச் சொல்லிக் கைகாட்டினார்.

கோச் கோட்டோரம் நின்று, "நிக்கறானே, நல்லாத்தானே நிக்கறான்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கேலரியிலிருந்து டாக்டர்-திக்குக் கிடைத்த வசவுகளை எழுத முடியாது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், கிளவுஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். மாற்றுக் கீப்பர் ஒரு கோல் விட்டான். தோற்றோம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பத்து நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். வெளிச்சம் பட்டால் தலை பிளந்தது. காலையும் மாலையும் டாக்டர்-தியிடமிருந்து போன் வரும். நான் எடுக்க மாட்டேன். அம்மா எடுப்பாள். ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். அம்மா காபி கொடுத்து உபசரித்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் சொன்ன கணக்குப்படிதான் முதலில் நடை, பிறகு ஓட்டம், கடைசியில்தான் பந்து. ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே புலம்பல்: "எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொன்னேன். அப்படியும் வெளிய அனுப்பிட்டாங்க."

அடுத்த சீசன் வந்தது. கிளப் என்னை வைத்துக்கொண்டது, ஆனால் முதல் கீப்பர் யார் என்று சொல்லவில்லை. மறுபடியும் அதே அறை, அதே பத்து வார்த்தைகள். பழக்கதோஷம், நான்கோடு நிறுத்தினேன். டாக்டர்-தி எழுதிக்கொண்டார். அப்போதுதான் அடக்க முடியாமல் கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டதுக்கெல்லாம் நான் சரியாத்தானே பதில் சொன்னேன்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ ஒரு கேள்விக்கும் பதில் சொல்லல. ஒரே வாக்கியத்த ரெண்டு தடவ சொன்ன. உங்க பாஷைல."

"தமிழ்லயா? கிரவுண்ட்லயா? நான் பேசவே மாட்டேனே."

"அதான். பத்து மாசம் ஒங்கூட ஒக்காந்து டீ குடிச்சிருக்கேன். ஒரு தடவகூட நீ அந்த பாஷைல பேசிக் கேட்டதில்ல." கொஞ்சம் யோசித்து, அந்த வாக்கியத்தை வங்காள நாக்கில் உருட்டி உருட்டிச் சொன்னார்: "அம்மா, லைட் போடேன்."

மதியம் மூன்று மணி ஆட்டம். அவ்வளவு வெயில்.

"எனக்கு தமிழ் தெரியாது," என்றார். "ஆனா அம்மாவும் லைட்டும் புரிஞ்சுது. அது போதும்."

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று ஊரெல்லாம் சத்தியம் செய்த பதில்கள் எதுவும் என் வாயிலிருந்து வந்திருக்கவில்லை. மைதானம் மொத்தமும் வைது தீர்க்கும்போது, புரியாத பாஷையில் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் இந்தக் குள்ளமான பெண்மணி. நான் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறேன்.

"டாக்டர்-தி, அத கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேருந்து படிங்க" என்றேன்.

ஏன் என்று கேட்காமல் புதுத் தாள் எடுத்தார். இம்முறை வேறு பத்து வார்த்தைகள். ஒன்பது சொன்னேன். பத்தாவது நிஜமாகவே நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்று சொன்னேன்.