சந்தனம் பட்ட குப்பிகள்

ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணம் மருந்து அலமாரிப் பக்கம் வந்தாலே நான் குறுக்கே போய் நின்றுவிடுவேன். பூட்டின் மேல் ஒரு பொட்டு, அதோடு சரி. கதவைத் திறக்க விடமாட்டேன். இளம் நர்சுகள் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஓசூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்த்தேன். தொழிற்பேட்டையில் அடிபட்டவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். தலைமை நர்சை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். போதை தரும் வலி ஊசிகள் இருந்த அலமாரியின் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். எங்களை நம்பமாட்டார்; டாக்டரையே அரைகுறையாகத்தான் நம்புவார். அதே அலமாரியில், ஆபரேஷனின்போது உடம்பைத் தளரவைக்கும் ஊசிகளும் இருந்தன. செயற்கை மூச்சுக் கருவி இல்லாமல் போட்டால் மூச்சை நிறுத்திவிடும். இரண்டும் கழுத்தை உடைத்துத் திறக்கும், ஒரே அளவுக் கண்ணாடிக் குப்பிகள். கண்ணாடியில் மையால் அச்சடித்த பெயர்தான் வித்தியாசம்.

அந்த வருடம் கத்தரி, ஸ்டெதாஸ்கோப் எல்லாம் சாமி படத்தின் முன் போனபோது, வேறு யாரும் தொடக்கூடாதென்று பெரிய சிஸ்டரே குப்பிகளைத் தட்டில் அள்ளிவந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தார். மறுநாள் காய்ந்த சந்தனத்தை, நர்சுகளுக்கே உரிய பழக்கத்தில், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அடுக்கினார். பூஜையில் வைத்த தன் மூக்குக்கண்ணாடியை அவர் அதுவரை எடுக்கவில்லை. சந்தனத்தோடு பெயரும் அழிந்தது அவருக்குத் தெரியவில்லை.

அன்றே பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து ஓட்டிய, தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் கை நசுங்கியிருந்தது. பெரிய சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்பியை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். எதிலும் எழுத்தில்லை.

"முன் வரிசைல இருக்கறது வலி ஊசிதானே, போடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

"தட்டுல எல்லாம் கலந்துட்டேன் சார். பேரில்லாத மருந்த நான் போடமாட்டேன்."

"மருந்த கைல வெச்சிக்கினு நிக்கிறியேம்மா, எம்புள்ள துடிக்கிறான்" என்று அடிபட்டவரின் அம்மா சிஸ்டர் காலில் விழுந்தார். பெரிய சிஸ்டர் அழுதார். ஆனால் குப்பியை உடைக்கவில்லை.

சாதாரண வலி ஊசியைப் போட்டு, ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு அனுப்பினோம். கூடப் போனவள் நான். வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நகராமல் நின்றபோது அவர் போட்ட கூச்சலில், பெயரில்லாத அந்த ஊசியையே போட்டிருக்கலாமோ என்று தோன்றியது. உடனே அந்த நினைப்பே என்னைப் பயமுறுத்தியது.

விரல்கள் போயின; ஆள் பிழைத்தார். பிறகு டாக்டருக்கு இனிப்போடு வந்தவர், பெரிய சிஸ்டரின் முகத்தைப் பார்க்காமலே போனார். பூட்டிவைத்த குப்பிகளை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து எடுத்துப்போய் அழித்தார்கள். அன்று பெரிய சிஸ்டர் கையிலிருந்தது வலி ஊசியா, மூச்சை நிறுத்தும் ஊசியா என்பது கடைசிவரை தெரியவில்லை.

இந்த வருடமும் பூட்டுக்குப் பொட்டு வைத்தேன். அந்த மனிதர் வீணாகத்தான் துடித்தாரா, அல்லது துடித்ததால்தான் உயிரோடு இருக்கிறாரா? பெரிய சிஸ்டரும் இதைத்தான் கேட்டுக்கொண்டே செத்துப்போனார்.