ஏலிக்குட்டி டீச்சர் தைத்த யானை

எங்கள் பள்ளிக்கூடத்தில் கோடிங்கும் மோட்டாரும் சொல்லிக்கொடுப்பது தையல் டீச்சர். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நான் போதையில் பேசுவதாக நினைக்கிறார்கள். நான் குடிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் பள்ளி வாசலில் ஆட்டோ போட்டு நிற்கிறேன். அதனால் ஏலிக்குட்டி டீச்சரைப் பற்றி அவர் கணவர் லோனப்பனைவிட எனக்கு அதிகம் தெரியும். லோனப்பன் மஸ்கட்டில் இருப்பதும் ஒரு காரணம்.

மூன்று வருடத்துக்கு முன் கோடை லீவில் இந்தக் கோடிங்குக்குத் திருச்சூரில் பத்து நாள் பயிற்சி வைத்தார்கள். போக வேண்டியவர் கணக்கு மாஸ்டர். அவருக்கு மச்சினி கல்யாணம்.

"தையல் வகுப்புக்குத்தான் யாரும் வர்றதில்லையே டீச்சரே, நீங்க போய் உக்காந்துட்டு வாங்க. சாப்பாடு பிரமாதமா இருக்குமாம்" என்று தள்ளிவிட்டார்.

டீச்சர் போனார். சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று வந்து சொன்னார். கூடவே ஒரு பெட்டி நிறைய மோட்டாரும் வயரும் கொண்டுவந்தார். பழைய தையல் அறையில் அதைப் பிரித்துப் போட்டார். அன்றிலிருந்து மணியடித்தாலும் பிள்ளைகள் அந்த அறையை விட்டு வெளியே வருவதில்லை.

அவர் சொல்லித்தரும் விதமே தனி. துணியை வெட்டுவதற்கு முன் பேப்பரில் வெட்டு, நல்ல துணியில் தைப்பதற்கு முன் பழந்துணியில் தைத்துப் பார் என்று இருபது வருடம் சொன்னவர். கம்ப்யூட்டரிலும் அதே பாட்டுத்தான். எந்தப் பிள்ளை தப்பாகக் கோடிங் போட்டாலும் தான் திருத்த மாட்டார். "பிரிச்சுத் தை" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். முதல் வருடம் பிள்ளைகள் ஒரு டிபன் பை செய்தார்கள். பைக்கு உடைமைக்காரன் அல்லாத ஒருவர் திறந்தால் அது கூவும். முதல் நாளே கூவியது. பைக்குள் பொரித்த மீன் இருந்தது. பக்கத்தில் கணக்கு மாஸ்டர் இருந்தார். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

வினை மேனேஜர் சாக்குண்ணி வடிவில் வந்தது. பள்ளிக்கூடம் அவருடைய அப்பா கட்டியது. தையல் அறை காற்றோட்டமானது, ரோட்டைப் பார்த்தது. அவருக்கு அதில் ஏசியும் சோபாவும் போட்டு உட்கார ஆசை.

"பொம்மை செய்யறதுக்கு எதுக்கு ரூம்? வராந்தாவுல வச்சு விளையாடட்டுமே" என்றார்.

அறை போனால் டீச்சரின் கதி எனக்குத் தெரியும். யார் லீவோ அவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்து, "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சிக்கு முன், தையலுக்குப் பிள்ளைகள் வராமல் போன வருடங்களில் அதைத்தான் செய்தார். அந்த நாட்களில் என் ஆட்டோவில் ஏறினால் வீட்டு கேட் வரும்வரை வாய் திறக்க மாட்டார். இப்போது நான் வாய் திறக்கவே இடம் கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது டீச்சர் மேனேஜரை மறித்தார்.

"சாரே, ஆண்டு விழாவுக்குப் பிள்ளைங்க ஒரு யானை செய்யறாங்க. அதைப் பாத்துட்டு ரூமை எடுத்துக்குங்க."

சாக்குண்ணியிடம் யானை என்று சொல்லியிருக்கக் கூடாது. நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் அவர் போகாத பூரத் திருவிழா இல்லை. பின்பக்கத்தைப் பார்த்தே எந்த யானை என்று பேர் சொல்லுவார்.

"என் கண்ணுக்கு அது யானையாத் தெரிஞ்சா ரூம் உங்களுக்கு" என்றார். "இல்லேன்னா விழா முடிஞ்ச திங்கக்கிழமை என் சோபா வந்து இறங்கும்."

கேட்டவர்கள் இருபது பேர். மாலைக்குள் இருநூறு ஆனதில் என் பங்கும் உண்டு.

மூங்கிலில் கூடு கட்டினார்கள். அட்டை ஒட்டி, மேலே கறுப்புக் குடைத்துணி. தோலை டீச்சரே தைத்தார். காதுகளை ஆட்டும் வேலை ஆறாம் வகுப்பு ஷிஃபானாவுக்கு. இரண்டு காதும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. நான் பாகன் வேலாயுதனை ஆட்டோவில் கூட்டிவந்து காட்டினேன்.

"இது யானையில்ல மோளே, சலூன் ஃபேன்" என்றார் வேலாயுதன். "யானை மனசு நல்லாருந்தா காதை அதுபாட்டுக்கு ஆட்டும். ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. ரெண்டும் சட்டுனு நின்னா எதையோ கவனிக்குதுன்னு அர்த்தம். அப்ப நான் பக்கத்துல நிக்க மாட்டேன்."

"எதைக் கவனிக்கும்?"

"பெரிய சத்தம் கேட்டா நிக்கும்."

ஷிஃபானா நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் காதுகளைத் தனித்தனியாக ஆடவிட்டு, சத்தம் கேட்கும் சென்சார் ஒன்றைத் தும்பிக்கைக்கு மேலே ஒட்டினாள். அறைக்குள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டினால் காது நின்றது. தட்டை வைத்துவிட்டால் மறுபடி ஆடியது.

"வெளியில வச்சுப் பாத்தியாடி?" என்றார் டீச்சர்.

"நாளைக்குப் பாக்கறேன் டீச்சர்."

நாளைக்கு விழாவே வந்துவிட்டது. மேளச் சத்தத்தில் காது நின்றுவிடக் கூடாதென்று செண்டைக்காரர்களை டீச்சர் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

சாக்குண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யானையை மூன்று சுற்று சுற்றினார்.

"தும்பிக்கை தரையைத் தொடலை. முதுகு மேஜை மாதிரி இருக்கு. நகம் எத்தனை? பதினாறு. பதினாறு நகம் ராசியில்ல, அதை நான் வாசல்ல கட்ட மாட்டேன்."

யானை எதையும் பொருட்படுத்தாமல் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் சேலைத் தலைப்பைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டார்.

மேனேஜர் தும்பிக்கைக்கு அடியில் வந்து, யானைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார். அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

"நாட்டுக்காரங்களே, இதுவா யானை? இது குடைத்துணி போத்தின எருமை."

எருமை என்ற சொல் அடுத்த பஞ்சாயத்துவரை போயிருக்கும். யானையின் காது நின்றது.

முன்வரிசை பேச்சை நிறுத்தியது. சாக்குண்ணி ஏன் என்று திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி ஒரு கையில் வேட்டி, மறு கையில் கணக்கு மாஸ்டர், எட்டடி பின்னால் இருந்தார்.

"விலகு, விலகு. காது நின்னுடுச்சு. பாகன் எங்கடா?"

முன்வரிசை எழுந்து பின்வரிசையின் மடியில் உட்கார்ந்தது. கடைசி நாற்காலியில் பருப்புவடை தின்றுகொண்டிருந்த வேலாயுதன் எழுந்து கோலைத் தேடினார். நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். ஆட்டோவுக்குப் பின்னால் நல்ல நிழல் இருந்தது.

எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றதில் மைதானம் அமைதியானது. இடது காது மெல்ல அசைந்தது. பிறகு வலது.

"பயப்படாதீங்க சார்" என்று ஷிஃபானா மைக்கில் சொன்னாள். "சத்தம் குறைஞ்சா அது சமாதானமாயிடும்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் காது மறுபடி நின்றது. இந்தத் தடவை யாரும் ஓடவில்லை.

டீச்சர் தலைப்பை உதறி விட்டுக்கொண்டு மேனேஜரிடம் வந்தார்.

"ஒரு சந்தேகம் சாரே. எருமைக்கு யாராச்சும் பாகனைக் கூப்பிடுவாங்களா?"

சாக்குண்ணி வேட்டியை இறுக்கிக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"முன்னங்கால் ரெண்டுலயும் ஒவ்வொரு நகம் கூட்டுங்க" என்றார் கடைசியில். "பதினெட்டாவது இருக்கணும்."

திங்கட்கிழமை காலை டீச்சர் ஷிஃபானாவை நிற்க வைத்து, வெளியில் சோதிக்காமல் மேடைக்குக் கொண்டுவந்ததற்கு வாங்கு வாங்கென்று வாங்கினார். "பிரிச்சுத் தை" என்று முடித்துவிட்டு டீக்குக் கிளம்பினார். அந்நேரம் மேனேஜரின் வண்டி வந்தது. சோபாதான் என்று நான் எட்டிப் பார்த்தேன். டிரைவர் ஒரு பேப்பர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே சிரட்டையில் செதுக்கிய இரண்டு நகம். சாக்குண்ணியே ராவி, தேய்த்து, பளபளவென்று எண்ணெய் போட்டிருந்தார்.