ஜெசிந்தா டீச்சர் எழுதிய இரண்டு வரி மன்னிப்பு

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் காலைப் பேருந்து ஆலப்பாக்கத்தைத் தாண்டியபோது அந்த அழைப்பு வந்தது. பேசியவர் ஜெசிந்தா டீச்சரின் தம்பி அருள். "அக்கா போயிட்டாங்க. மாடியில துணி காயப்போடப் போனவங்க அங்கயே சாஞ்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." பள்ளிக்குப் போகாமல் முதுநகரிலேயே இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன். அவருக்கு ஐம்பத்தோரு வயது. இறப்பதற்கான வயதல்ல. இந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2005இல் நான் அந்தப் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். வாசல் சுவரில் பள்ளியின் படத்தை வரையச் சொன்னார்கள். கட்டடம், வேப்பமரம், கேட், வாசல் சுவர் எல்லாம் வரைந்து முடித்து ஏணியிலிருந்து இறங்கினேன். பின்னால் கணக்கு டீச்சர் ஜெசிந்தா நின்றிருந்தார். அதுவரை நாங்கள் பேசியதில்லை.

"எல்லாம் நல்லாருக்கு. படத்துல வாசல் சுவரு இருக்கு. அதுல நீ வரைஞ்ச படம் எங்க?"

அவர் கேட்டது சரிதான். படத்துக்குள் இருந்த சுவரில் பள்ளியைச் சிறிதாக வரைந்தேன். அதற்குள்ளும் ஒரு சுவர் இருந்தது. அதிலும் வரைந்தேன். நான்காவது பள்ளி வெறும் புள்ளியாகிவிட்டது. "இதுக்கு மேல முடியாதுக்கா, புள்ளிதான்" என்றேன். "புள்ளி இல்ல தையலு, அதுவும் நம்ம ஸ்கூலுதான். உனக்கு பிரஷ் பத்தல, அவ்ளோதான்" என்றார். அன்றிலிருந்து நான் தையல்நாயகி இல்லை, தையலு.

சனிக்கிழமைகளில் அவர் சிதம்பரம் வருவார். மேலவீதியில் ஓர் அம்மையாரிடம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தார். மாதா கோயிலில் பாடுகிறவளுக்கு இது எதற்கு என்று அவருடைய உறவினர்கள் கேட்டார்கள். சிலுவை போட்டவளுக்கு இது எதற்கு என்று மேலவீதியில் கேட்டார்கள். அவர் அடுத்த சனிக்கிழமையும் வந்தார். பாட்டு முடிந்ததும் என் வீட்டில் சாப்பிடுவார். ஒருநாள் சாப்பிட்ட கை காய்வதற்குள் தானே கட்டிய ஒரு வரியைப் பாடிக் காட்டினார். "மா, நீ பா தா." அம்மா, நீ எனக்கு ஒரு பாட்டுத் தா என்று பொருள். மா என்ற சொல்லை மத்தியமத்தில் பாடினார், நீ என்பதை நிஷாதத்தில், பா என்பதைப் பஞ்சமத்தில், தா என்பதைத் தைவதத்தில். சொல்லும் அதுவே, பாடும் சுரத்தின் எழுத்தும் அதுவே.

"பாட்டு தன் பேரையே பாடுது பாத்தியா. இப்ப பா-வ வேற சுரத்துல பாடுறேன், கேளு." பாடினார். இனிமையாகத்தான் இருந்தது. "கேக்க நல்லாதான் இருக்கும். ஆனா பாட்டு பொய் சொல்லுது. தன்னைப் பத்தித் தானே பேசுற எதுவும் பொய் சொன்னா, அதுக்குள்ளயே மாட்டிக்கும்."

அதை அவர் வகுப்பிலும் நடத்தினார். 'இந்த வாக்கியம் பொய்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இது மெய்யா பொய்யா என்று கேட்பார். மெய் என்றால் பொய்யாகிவிடும், பொய் என்றால் மெய்யாகிவிடும். பிள்ளைகள் மணி அடித்த பிறகும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்துகிறார் என்று அலுவலக அறையில் பேச்சு வந்தது. அவர் நிறுத்தவில்லை.

2009இல் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் கொடுக்கச் சொன்னார். பொதுத்தேர்வுக்கு முன்பே அவர்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் பள்ளிக்கு முழுத் தேர்ச்சி.

"எழுதாத பரீட்சையில தேறாதுன்னு நான் எப்படி மிஸ் எழுதித் தர்றது?" என்று கேட்டு வெளியே வந்துவிட்டார். அலுவலகமே ஏழு பெயர்களை எடுத்தது. அந்த ஏழு வீடுகளுக்கும் ஜெசிந்தா டீச்சர் நடந்தும் பஸ்ஸிலும் போனார். ஏழு பேரில் ஒருத்தி வசந்தி. செம்மங்குப்பத்தில் கம்பெனி லோடுமேனாக இருந்த அவள் அப்பாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "டி.சி. குடுத்தா வாங்காதீங்க. உங்க பொண்ணு பரீட்சை எழுதணும்."

விஷயம் தாளாளருக்குப் போனது. மன்னிப்புக் கடிதம் கொடு, இல்லையென்றால் வேலை இல்லை என்று டீச்சரிடம் சொன்னார்கள். என்னையும் கூப்பிட்டு, ஜெசிந்தா பெற்றோரைத் தூண்டிவிட்டார் என்று தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்கள். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. கையெழுத்துப் போட்டேன். இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு உரிமையில்லை. அன்று மாலையே அவரிடம் போய்ச் சொன்னேன். "பயந்துட்டே. சரி, நாளைக்கும் பயப்படணும்னு இல்ல" என்றார்.

மறுநாள் அவர் கொடுத்த கடிதத்தில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. 'டி.சி. வாங்க வேண்டாம் என்று பெற்றோரிடம் நான் சொன்னது தவறு. இக்கடிதத்தில் ஒரு வாக்கியமாவது பொய்.' இரண்டாவது வரி எதற்கு என்று தலைமையாசிரியை கேட்டாராம். "மனுஷி எழுதுறதுதானே மிஸ்" என்றிருக்கிறார் டீச்சர். அடக்கம் என்று நினைத்து அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

வசந்தியின் அப்பா கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தார். ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். நிர்வாகம் கடிதத்தை நீட்டி, தவறு என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றது. சாட்சி என்பதால் நானும் அந்த அறையில் இருந்தேன்.

"ரெண்டாவது வரியப் படிங்க சார்" என்றார் டீச்சர். "அது பொய்னு வெச்சுக்குவோம். அப்ப கடிதத்துல பொய்யே இல்லன்னு ஆவுது. ஆனா அந்த வரியே பொய்யாச்சே? ஒத்து வரல. அதனால ரெண்டாவது வரி மெய். அது மெய்னா, இதுல ஏதோ ஒரு வரி பொய். ரெண்டாவது பொய் இல்லன்னு பாத்துட்டோம். மிச்சம் எது சார்?"

அதிகாரி முதல் வரிமேல் விரலை வைத்தார்.

"வெளையாடுறீங்களா?" என்றார் தாளாளர்.

"இல்லைங்க. நான் தப்பு செய்யல. தப்புன்னு எழுதச் சொன்னீங்க. பொய்ய எழுதி, அது பொய்னும் எழுதிக் குடுத்தேன்."

நான் எழுந்து, என் கையெழுத்து பயத்தில் போட்டது என்றேன். ஏழு பேரையும் தேர்வு எழுத விட வேண்டும் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார்.

நான்கு பேர் தேறினார்கள். வசந்தியும் இன்னும் இருவரும் தேறவில்லை. "பாத்தீங்களா, நாங்க சொன்னதுதான் நடந்துது" என்றார் தலைமையாசிரியை. "அவுங்க எழுதி ஃபெயிலானாங்க மிஸ். நாம எழுதி ஃபெயிலாக்கல" என்றார் ஜெசிந்தா டீச்சர். அடுத்த ஆண்டு அவரிடமிருந்து பத்தாம் வகுப்பைப் பிடுங்கி ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது. அவர் அந்தச் சின்னப் பிள்ளைகளிடமும் 'இந்த வாக்கியம் பொய்' என்று எழுதிப்போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சரின் அடக்கத்துக்கு வசந்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். தலைமையாசிரியை அடையாளம் தெரியாமல், "நீ எந்த பேட்ச்சும்மா?" என்று கேட்டார். "டீச்சர் கணக்குல ஃபெயிலான பேட்ச்சு மிஸ்" என்றாள் வசந்தி. குரலைத் தாழ்த்தவில்லை.

போன வாரம் பள்ளியில் டீச்சருக்கான இரங்கல் தீர்மானம் கையெழுத்துக்காகச் சுற்றுக்கு வந்தது. 'அமைதியே உருவானவர், நிர்வாகத்தோடு என்றும் இணங்கிச் சென்றவர்' என்று அச்சிட்டிருந்தது. முழுவதையும் இரண்டு முறை படித்தேன். இணங்கிச் சென்றவர் என்பதை எடுத்துவிடுங்கள் என்றேன். முடியாது என்றார்கள்.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருப்பது, படித்த பிறகு மாட்டேன் என்று சொல்வது. ஜெசிந்தா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டும்தான். தீர்மானத்தில் மற்ற எல்லா ஆசிரியர்களின் கையெழுத்தும் இருக்கிறது. என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை.