ஆலமரத்துக்கு நான் கட்டிய விழுது

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில்தான் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து எடுப்பதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. ஒருநாள் பெரியப்பா ஏரிக்கரையிலிருந்து ஓர் ஆலங்கொம்பை வெட்டிவந்து தெருமுனையில் நட்டார்.

"காக்கா குருவி வந்து பாவு மேல எச்சம் போடுமேண்ணா" என்றார் அப்பா.

"பாவு முடியற எடத்துக்கு அந்தாண்டதானே நட்டுக்கினு இருக்கேன். நெழலு நமக்கு, பழம் அதுங்களுக்கு."

கொம்பு துளிர்த்தது. நிழல்தான் ஒரு கோழிக்குக்கூடப் போதாது. எப்போது பெரிய மரமாகும் என்று பெரியப்பாவை நச்சரித்தேன்.

"விழுது எறங்கட்டும். அப்புறம் அதை யாராலயும் அசைக்க முடியாது."

எனக்கு எட்டு வயது. தறியைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. எனக்குத் தெரிந்த விழுது, பாவு இழைகளைத் தூக்கி இறக்கத் தறியில் தொங்கும் நூல் கண்ணிகள். பழையது நைந்துவிட்டதால், அம்மா ஒரு வாரமாக முடிச்சு முடிச்சாகப் போட்டுப் புது விழுது கட்டி ஆணியில் மாட்டியிருந்தாள். வீட்டில் இருப்பதை மரத்துக்குக் கொடுக்காமல் இந்தப் பெரியவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மத்தியானம் எல்லோரும் அசந்த நேரத்தில் அதைக் கத்தை கத்தையாக வெட்டி, துளிர்களிலிருந்து தரைவரை தொங்கவிட்டு, நுனிகளை மண்ணில் புதைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

சாயந்திரம் அம்மா வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"விழுது எங்கடி?"

"மரத்துக்குக் கட்டிட்டேம்மா. இனிமே யாராலயும் அசைக்க முடியாது."

அம்மா தெருமுனைக்கு ஓடினாள். கூடவே வந்த பெரியப்பா சிரிக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் ஒரு வாரம் தறி நிக்கும். தறி நின்னா கூலி ஏது?" என்றார் அப்பா.

அம்மா நூலை அவிழ்க்கப் போனாள். "வெட்டினது வெட்டினதுதாம்மா. இருந்துட்டுப் போவட்டும், ஆடாவது வாய் வைக்காது" என்றார் பெரியப்பா.

யாரும் என்னை அடிக்கவில்லை. ஆகவே நான் செய்தது சரி. ஆடுகளும் நூலை முகர்ந்துவிட்டு விலகிப் போயின. மரத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டேன். இன்று அதில் கிளியும் மைனாவும் இரைகின்றன, அதனடியில் நாலு பேர் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். எனக்கு மட்டும் அங்கே நிற்க வெட்கமாக இருக்கும்.

அந்த வாரம் ரேஷன் கோதுமைக் கஞ்சிதான். அம்மா தலை நிமிராமல் மறுபடியும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்று தன் பங்கையும் என் தட்டில் ஊற்றிவிடுவாள். மரம் வளர்த்ததற்குப் பரிசு என்று நினைத்து, தினமும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.