மேரி அக்கா வீட்டு சுவிட்ச்

மலேசியாவில் லிங்கி தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், எங்களுக்கும் பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கும் பின்புறம் ஒரே விளக்குதான். சுவிட்ச் அவர்கள் வீட்டில். கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயரை அப்பா எங்கள் சுவரிலுள்ள பிளக் பாயிண்ட்டோடு இணைத்திருந்தார். அந்த வெளிச்சத்தில்தான் அம்மாவும் மேரி அக்காவும் சேர்ந்து மாவாட்டுவார்கள்.

போன மாதம் அந்தப் பிளக்குக்கு ஷாக் தடுக்கும் சுவிட்ச் மாட்டினேன். அவர்கள் வீட்டுக் கரண்ட் எங்கள் பிளக் வழியாகத் திரும்பியதால், அக்கா விளக்கைப் போட்டாலே அது டிரிப் ஆகி அணைந்தது. எங்கள் மெயின் சுவிட்சை அடைத்து, கரண்டை நிறுத்திவிட்டு, பெரிய வயர்மேன் மாதிரி நானே நியூட்ரலைக் கழற்றினேன். ஷாக் தூக்கி எறிந்தது!

"என்ன தம்பி, லைட்டு எரியலையே லா?" என்று அக்கா எட்டிப் பார்த்தார். அவர் சுவிட்சைப் போட்டதும் அவர் வீட்டுக் கரண்ட், விளக்கு வழியாக என் கைக்கு வந்திருக்கிறது.

வயர்மேன் வந்து விளக்கின் இரண்டு வயரையும் அக்கா வீட்டிலேயே இணைத்தார். இனி வயரை நான் தொடுவதில்லை. வருகிற வயர்மேனிடமும் இரு வீட்டு மெயினையும் அடைக்கச் சொல்கிறேன். பொழுது சாய்ந்தால் மட்டும் பழையபடி குரல் கொடுக்கிறேன்: "அக்கா, லைட்டு போடுங்க லா!"